ஆபரேஷனுக்குப் பின் நடக்கலாமா?

விருத்தாசலம், பீங்கான் பொம்மைக்குப் பேர் போன ஊர். அங்கே பொம்மை வெந்ததும் சூளையை உடனே திறக்க மாட்டார்கள். சூடு மெள்ள ஆற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விழும். ஆனால் விரிசலுக்குப் பயந்து, பொம்மையைச் சூளையிலேயே விட்டுவிடுவார் உண்டா? ஆறியதும் எடுத்துத்தானே ஆகவேண்டும்!

புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவரின் உடம்பும் அப்படித்தான். அவசரமும் கூடாது, கட்டிலோடு கட்டிப் போடவும் கூடாது.

"எழுந்திருக்காதே, அம்மா!"

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு திரும்புகிறாள். மகள் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. மருமகள் தண்ணீர்ச் செம்பையும் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள். "தையல் பிரிந்துவிடும், அசையாதே!" என்கிறார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் அந்த அன்பே கெடுதல் செய்துவிடலாம்.

படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சில் சளி கட்டும். குடல் மந்தமாகும். தசை இளைக்கும். அதனால்தான் பல ஆபரேஷன்களுக்கு மறுநாளே, ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கைத்தாங்கலாக நடக்க வைக்கிறார்கள். நடந்தால் புற்று பரவும் என்பது வீண் பயம்.

மாறிய காலம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அவருடைய முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. அந்த நாளில் புற்றுநோய் என்றாலே முடிவு என்று நினைத்தார்கள். இன்று, காலத்தோடு கண்டுபிடித்தால் பலர் குணமடைகிறார்கள். அப்படிக் குணமானவர் எப்படி வாழ்வது? இதுவே இன்றைய கேள்வி.

889 பேரின் கதை

கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் மருந்துச் சிகிச்சையும் முடிந்த 889 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு உடல்நலப் புத்தகம் கொடுத்தார்கள். மறுபாதியினருக்கு மூன்று ஆண்டுகள் உடற்பயிற்சிக்கு வழிகாட்டினார்கள். வேகநடை போன்ற எளிய பயிற்சிதான்.

முடிவு 2025-ல் வெளியாயிற்று. எட்டு ஆண்டுகளுக்குப் பின், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் 83 பேர். பயிற்சி செய்தவர்களுக்குத் தசை, மூட்டுத் தொல்லைகள் மட்டும் சற்று அதிகம். இது பெருங்குடல் புற்றுநோய்க்குக் கிடைத்த விடை. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்குச் சொல்ல முடியாது. நடை, மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

எப்படி நடப்பது?

முதலில் டாக்டரைக் கேளுங்கள். எலும்பில் நோய் உள்ளவருக்கு இது மிக அவசியம். வீட்டுக்கு வந்ததும் கூடத்திலிருந்து வாசல் வரை ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். ஒரு நாளில் சில தடவை இப்படி நடக்கலாம். பிறகு தெருமுனை வரை. வாரா வாரம் சிறிது கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், டாக்டர் அனுமதிக்கும் வரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. மருந்தினால் பாதம் மரத்துப் போனவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பகலில் கோயில் பிராகாரத்துக் கல் கொதிக்கும்; சுட்டாலும் காலுக்குத் தெரியாது! வெயிலுக்கு முன், செருப்பணிந்து நடப்பதே நல்லது.

காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டால் நடையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ மார்வலியோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மகளே, மருமகளே! நாளைக் காலையில் அம்மாவிடம், "அசையாதே" என்று சொல்லாதீர்கள். "வா அம்மா, தெருமுனை வரை போய் வரலாம்" என்று கை கொடுங்கள். கூடவே நீங்களும் நடங்கள்.