பட்டன் அமுங்கவில்லை... ஏன்?



போன வருஷம் ஒரு உதவித்தொகைக்குக் கடைசி நாள். காசிமேட்டில் எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் பழைய போன் ஒன்றுதான். எல்லாம் நிரப்பி 'சமர்ப்பி' பட்டனை அமுக்கினேன். அசையவில்லை. "இன்னாடா, அமுக்கினியா இல்லியா?" என்றார் அம்மா. இருபது தடவை அமுக்கியிருப்பேன். மறுநாள் பிரவுசிங் சென்டருக்கு ஓடினால் தேதி முடிந்திருந்தது. ஃபீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

காரணம் இந்த வருஷம் லேபில்தான் புரிந்தது. அப்பா போனில் டேட்டா மிச்சம் பிடிக்க ஓபரா மினி, அதுவும் உச்ச சேமிப்பில். அப்போது பக்கத்தை ஓபராவின் சர்வர் வாங்கிச் சுருக்கி அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த சர்வரிலேயே கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். லேப் கம்ப்யூட்டரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு அதே பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் பட்டன் செத்துக் கிடந்தது!

"இந்தக் காலத்துல யாருப்பா அதை ஆஃப் பண்றான்?" என்று கேட்பீர்கள். 2013-ல் பிரிட்டன் அரசு தன் தளத்தில் எண்ணிப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் கிடைக்காதவர்கள் 1.1 சதவீதம். அதில் அணைத்து வைத்தவர்களும் அந்த வசதியே இல்லாதவர்களும் வெறும் 0.2 தான். மற்றவர்களுக்கு இருந்தும் ஓடவில்லை. எண்ணூர் ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது ஃபைல் பாதியில் நின்றால் நமக்கும் அதே கதிதான்.

வழி சுலபம். எச்.டி.எம்.எல். 'ஃபார்ம்' டேகில் 'ஆக்‌ஷன்' என்று சர்வர் முகவரியைக் கொடுத்து, உள்ளே நிஜமான சப்மிட் பட்டன் வைத்தால் பிரவுசரே அனுப்பிவிடும். 1995-ல் ஜாவாஸ்கிரிப்ட் வருவதற்கு முன்பே ஃபார்ம்கள் அப்படித்தான் போயின. அதற்கு மேல் ஜாவாஸ்கிரிப்டைப் போடலாம்: தேதி தப்பா, நம்பர் குறைகிறதா என்று உடனே சொல்லும். ஆனால் அதே சோதனையை சர்வரும் செய்தாக வேண்டும். அப்பா ஃபைபர் போட்டில் மோட்டார் இருந்தும் துடுப்பை விட்டுப் போகமாட்டார், அதுமாதிரி. 2003-லிருந்து இதற்குப் பெயர் 'புரோகிரஸிவ் என்ஹான்ஸ்மென்ட்'.

நகரும் மேப், வீடியோ கால் போன்றவை ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே 'நோஸ்கிரிப்ட்' டேகில் விஷயத்தைச் சொல்லி, ஒரு போன் நம்பரோ முகவரியோ தரவேண்டும். 'ஜாவாஸ்கிரிப்டை ஆன் செய்க' என்று மட்டும் போட்டால் என் அம்மாவுக்கு என்ன புரியும்? ஸ்கிரிப்ட் அணைந்திருந்தாலும் பக்கம் பயன்படவேண்டும் என்று 2009-ல் வந்த நம் மத்திய அரசு வலைத்தள வழிகாட்டியிலேயே இருந்தது.

இதெல்லாம் தெரிந்தபின் என் மினி புராஜெக்டைச் சோதித்தேன். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்' போய் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தேன். பக்கம் முழுக்க வெள்ளை! இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தி, அப்பாவின் போனை அம்மா கையில் கொடுத்தேன். ஒரே அமுக்கு. "போச்சுடா" என்றார்.