பழைய நினைவகமும் புதிய தாய்ப்பலகையும்

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர் நாம். கணினிக்கு உறுப்புகள் வாங்கப் புறப்பட்டவரோ பத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. செயலிக்கும் பலகைக்கும் பொருத்தம், பலகைக்கும் நினைவகத்துக்கும் பொருத்தம், இவை அனைத்துக்கும் மின்வழங்கியோடும் பெட்டியோடும் பொருத்தம் என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவரின் பணப்பையோடும் பொருத்தம் பார்த்தாக வேண்டும். அண்மையில் எங்கள் வீட்டுக் கணினியைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அதன் பொருட்டு நான் கேட்டும் படித்தும் கண்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழாசிரியனுக்கு இந்த விசாரம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். தமிழ்ப் பணியே இன்று இந்தப் பெட்டிக்குள் குடிபுகுந்துவிட்டது என்பதை அவர்கள் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

கண்டி நகரம் தமிழ் அச்சுலகுக்குப் புதியதன்று. 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் வெளியிட்ட அறிஞர் சித்திலெப்பை இந்த ஊரில் பிறந்தவர். அவருக்குப் பின் இந்நகரிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் எத்தனையோ சிற்றிதழ்களும் மலர்களும் தோன்றி மறைந்தன. அவற்றுள் எஞ்சியவை சில வீடுகளின் அலுமாரிகளில், கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பி, மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பெற்று, பக்கம் பக்கமாக ஸ்கானரில் படியெடுத்து வைக்கும் வேலையை நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஏடுகளுக்குச் செய்துவரும் தொண்டே எங்களுக்கு ஊக்கம் தந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழை கண்டி மாவட்டத்தை வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சிதைத்தது. உயிரும் உடைமையும் இழந்தோரின் துயரத்துக்கு முன்னே பழைய தாள்களைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த வெள்ளத்தில் நனைந்த இதழ்க் கட்டுகள் சில எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது, இந்த வேலைக்கு ஒரு தவணை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெளிவாயிற்று. நனைந்த தாளை நிழலில் உலர்த்தி, பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு முன்னரே படியெடுத்தாக வேண்டும். அந்த வேளையில்தான் கணினி நொண்டிக்கொண்டிருந்தது.

கரும்பலகையும் பதிவேடும்

நினைவகம் என்பது யாது? ஆசிரியர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கணினியின் வட்டு பதிவேட்டைப் போன்றது; எழுதியது அப்படியே இருக்கும். கடையில் 'றாம்' என்று கேட்டால் தரும் நினைவகமோ வகுப்பறைக் கரும்பலகையைப் போன்றது. வேலை நடக்கும்வரை வேண்டியவையெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றால் பலகை வெறுமையாகிவிடும். அதிலும் இது ஒரு விசித்திரமான கரும்பலகை. ஒவ்வோர் எழுத்தும் நுண்ணிய மின்னேற்றமாகச் சேமிக்கப்படுவதால், எழுதிய கணமே கசிந்து மறையத் தொடங்குகிறது. டீ.டீ.ஆர்.4 வகையில் ஒரு நொடியின் ஆயிரத்தில் 64 பங்கு நேரம் கழிவதற்குள் கணினி எல்லாவற்றையும் ஒருமுறை மீண்டும் எழுதிவிடுகிறது. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்ட இந்த அமைப்புக்கு 1968ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஐ.பீ.எம். நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட்.

கரும்பலகை எத்தனை பெரிதாக இருக்கவேண்டும் என்பதே அடுத்த கேள்வி. எழுத்து மட்டுமே நம் வேலையாயின் மிகச் சிறிய பலகை போதும். யூனிகோட் முறையில், வழக்கமான யூ.டீ.எவ்.8 குறியீட்டில், 'கண்டி' என்ற சொல்லுக்கு 15 பைட்டுகள் செலவாகும். 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 6,000 பைட்டுகள் எனக் கொண்டால், 4 கிகாபைட் நினைவகத்தில் ஏழு இலட்சம் பக்கங்களை அடக்கிவிடலாம்!

ஆனால் பக்கத்தைப் படமாக எடுக்கும்போது கணக்குத் தலைகீழாகிறது. ஏ4 அளவுள்ள ஒரு தாளை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், வண்ணத்தில் படியெடுத்தால் அகலத்தில் 2,480 புள்ளிகளும் உயரத்தில் 3,508 புள்ளிகளும் அமையும். ஆக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் வீதம் ஒரு பக்கம் 26 மெகாபைட் ஆகிறது. வட்டில் சேமிக்கும்போது அதைச் சுருக்கலாம். திருத்துவதற்காகத் திறக்கும்போது முழு உருவமும் கரும்பலகைக்கு வந்தே தீரும். 200 பக்க மலர் ஒன்றை ஒருசேரத் திறந்தால் 5 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். இடம் போதாதபோது கணினி வட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகக் கரும்பலகையாக்கிக்கொள்கிறது. நினைவகத்தோடு ஒப்பிட்டால் திண்மநிலை வட்டு ஏறத்தாழ ஆயிரம் மடங்கும், சுழலும் பழைய வட்டு இலட்சம் மடங்கும் தாமதமானவை. திரை உறைந்து நிற்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

மின்னல் செய்த வேலை

எங்கள் கணினி 2016இல் வாங்கியது. இன்ரெல் நிறுவனத்தின் 6ஆம் தலைமுறைச் செயலி. 4 கிகாபைட் வீதம் டீ.டீ.ஆர்.4 வகைத் தகடுகள் இரண்டு. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்த இந்நகரில், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் தோறும் இடிமின்னல் மிகும் என்பதை இவ்வூரார் அறிவர். 2025 ஒக்டோபரில் அத்தகைய ஒரு பிற்பகலில், இணையக் கம்பி வழியே வந்த மின்வீச்சு தாய்ப்பலகையின் இணைய வாயிலையும் இரண்டு நினைவகச் செருகுவாய்களுள் ஒன்றையும் எரித்துவிட்டது. எட்டு கிகாபைட் நான்காகச் சுருங்கியது. அதே மாதம் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்பதற்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இன்ரெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்திய வீட்டுச் செயலிகள் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பலகை எரிந்துவிட்டால் அதே போன்ற பலகையை வாங்கிப் பொருத்தினால் ஆயிற்றே என்று தோன்றும். இங்கேதான் முதற் பொறி இருக்கிறது. 6ஆம், 7ஆம், 8ஆம் தலைமுறைச் செயலிகள் அமரும் பீடத்துக்கு எல்.ஜீ.ஏ. 1151 என்ற ஒரே பெயர்; ஆனால் 6ஆம் தலைமுறைக்கெனச் செய்த பலகை 8ஆம் தலைமுறையை ஏற்பதில்லை. பெயர்ப் பொருத்தம் வேறு, மனப் பொருத்தம் வேறு!

மூன்று வழிகள்

கடைவீதியில் விசாரித்தபோது என் முன்னே மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, எங்கள் பழைய செயலிக்கு ஏற்ற, பிறர் பாவித்த பலகையொன்றை வாங்குவது. செலவு குறைவு. லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாக நிறுவிக்கொண்டால் பாதுகாப்புக்கும் குறைவில்லை. கட்டுரை எழுதவும் பாடக்குறிப்புத் தயாரிக்கவும் மட்டுமே கணினி வேண்டுவோருக்கு இதனையே பரிந்துரைப்பேன். எங்கள் ஸ்கானரின் மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே இயங்குவது. ஆகவே இவ்வழி எங்களுக்கு அடைபட்டது.

இரண்டாவது, புத்தம்புதிய வழி. ஏ.எம்.டீ. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஏ.எம்.5 பீடம் இதற்கு நல்ல உதாரணம். 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் அப்பீடத்துக்கு ஆதரவு தொடரும் என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. நாளை ஒரு புதிய செயலி வாங்கினாலும் பலகையை மாற்றவேண்டியிராது. ஆயினும் இது டீ.டீ.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். டீ.டீ.ஆர்.4 தகட்டிலும் டீ.டீ.ஆர்.5 தகட்டிலும் முனைகள் 288 தாம். ஆனால் நடுவேயுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் செருகுவாயில் நுழையாது.

மூன்றாவது, வளர்ச்சி முடிந்த வழி. ஏ.எம்.டீ.யின் ஏ.எம்.4 பீடமும், இன்ரெல் 2021இல் கொணர்ந்த எல்.ஜீ.ஏ. 1700 பீடமும் இவ்வகையின. இரண்டுக்கும் டீ.டீ.ஆர்.4 ஏற்கும் பலகைகள் உண்டு. இரண்டுக்குப் பின்னரும் புதிய பீடங்கள் வந்துவிட்டன.

வேறொரு காலமாயின், எதிர்காலமுள்ள இரண்டாம் வழியே சிறந்தது என்று எவரும் சொல்லியிருப்பர். ஆனால் 2025இன் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கென எழும் பெரும் தரவு நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே முதற் காரணம். உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரோன் என்னும் மூன்று நிறுவனங்களே ஆக்குகின்றன. அவற்றுள் மைக்ரோன், வீட்டுப் பாவனையாளருக்கென 'குரூஷல்' என்ற பெயரில் நடத்திவந்த விற்பனையைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நம் நாட்டிலோ எல்லாம் கப்பலில் வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்ததையும், 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமானதையும் நாம் மறக்கவில்லை. அமெரிக்கத் தரவு நிலையத்தின் பசிக்குக் கண்டி ஆசிரியனின் சம்பளமும் பங்களிக்கிறது என்றால் மிகையாகாது.

நான்கு செருகுவாய்களின் கணக்கு

இந்நிலையில், எங்கள் கையிலிருந்த இரண்டு பழைய தகடுகளுக்குத் திடீரென மதிப்பு வந்துவிட்டது. நண்பரின் கணினியில் அவற்றைப் பொருத்தி, மெம்ரெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டோம். பிழை ஒன்றும் இல்லை. மின்னல் செருகுவாயைத்தான் எரித்திருந்தது.

பலகைகளுள் மலிவானவற்றில் நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்களே இருக்கும். அதை வாங்கினால் பழைய தகடுகள் இரண்டும் இடத்தை நிரப்பிவிடும், புதியதற்கு இடமிராது. நான் தயங்கி நின்றபோது கடையிலிருந்த இளைஞர் சொன்னார்: "சேர், கொஞ்சம் காசு கூடினாலும் நாலு ஸ்லொட் உள்ள போட்டா எடுங்க. பழசை வீச வேணாம்." அந்தச் சொல்லில் ஒரு பொருளாதார நூலே அடங்கியிருந்தது.

ஆகவே 2026 தைப்பொங்கலை அடுத்த வாரத்தில், எல்.ஜீ.ஏ. 1700 பீடமும் பீ760 சில்லுத்தொகுதியும் நான்கு டீ.டீ.ஆர்.4 செருகுவாய்களும் உள்ள பலகையைத் தேர்ந்தோம். அதற்கு 12ஆம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ3-12100 செயலி. பெயரின் இறுதியில் 'எவ்' என்ற எழுத்துள்ள செயலியில் திரைக்கு உருவம் வழங்கும் பகுதி செயற்படாது. தனி அட்டை வாங்கவேண்டி வரும். விலை குறைவு என்று அதை எடுத்துவிடக் கூடாது. பலகையின் பெயரில் 'டீ4' என்ற குறி உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். ஒரே பெயரில் டீ.டீ.ஆர்.5 வகையும் விற்பனையாகிறது. அளவில் 244 மில்லிமீற்றர் சதுரமான மைக்ரோ ஏ.ரீ.எக்ஸ். பலகை எங்கள் பழைய பெட்டியில் அமர்ந்தது. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை வாங்கி வைத்திருப்போர் இங்கே அவதானமாக இருக்கவேண்டும். அவற்றுட் பலவற்றின் பெட்டியும் மின்வழங்கியும் பொது அளவுக்கு இயையாதவை.

புதிதாக 8 கிகாபைட் தகடுகள் இரண்டு வாங்கினோம். நினைவகத்துக்கு இரு வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய தகடும் ஒரு புதிய தகடுமாக 12, 12 என்று சமன் செய்து 24 கிகாபைட் ஆக்கினோம். புதியவற்றின் வேகம் 3200. பழையவற்றின் வேகம் 2133. கூட்டாகப் பயணம் செய்வோர் மெல்ல நடப்பவரின் நடையை ஏற்கவேண்டும் என்பது இங்கும் விதி. எங்கள் வேலைக்கு வேகத்தினும் இடமே முக்கியமாதலால் இது பாரமாகவில்லை. கலந்து போடும் தகடுகள் சில வேளைகளில் ஒத்துப்போகாமலும் போகலாம். அதனால் மீண்டும் ஓர் இரவு சோதனையில் கழிந்தது. இடி முழங்கும் பிற்பகல்களில் மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுவது இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது.

வளர்ச்சி முடிந்த வழியை ஏன் தேர்ந்தீர்கள் என்று மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பலகை வாங்குவோர் அனைவரும் 'இது எத்தனை ஆண்டு புதியதாக இருக்கும்?' என்று கேட்கின்றனர். நான் கேட்டது, 'என் வேலை முடிய எத்தனை ஆண்டு வேண்டும்?' என்பது. எங்கள் கையிலிருக்கும் தாள்கள் அடுத்த தலைமுறைப் பீடத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஐந்தாண்டில் அவற்றுட் பாதி பொடியாகும். அந்த ஐந்தாண்டுக்கு இந்தப் பலகை தாராளமாகப் போதும். பட்டப்படிப்பைத் தொடங்கும் மாணவன் தன் கணினியைத் தேர்ந்தால், அவனுக்கு என் விடை பொருந்தாது. அவன் கணக்கை அவனே போட்டுப் பார்க்கவேண்டும். முதலில் வேலையை அளந்து, பின்னர் அதன் தவணையை அளந்து, கையிலிருப்பதை எண்ணி, அதன் பின்னரே கடைவாயிலில் கால் வைப்பது எவருக்கும் நலம் தரும்.

இப்போது நனைந்த கட்டுகளுள் முதலாவது படியெடுக்கப்பட்டு வருகிறது. பக்கங்கள் தடையின்றித் திறக்கின்றன. இன்னும் மூன்று கட்டுகள் நிழலில் உலர்கின்றன. உங்கள் வீட்டு அலுமாரியிலும் அத்தகைய கட்டு ஒன்று இருக்குமாயின், அடுத்த மழைக்கு முன் அதை வெளியே எடுங்கள்.