லாரி ஸ்டியரிங்கில் ஆட்டமா? எந்தப் பாகத்தை மாற்றுவது?

வீராம்பட்டினம், பாகூர், வில்லியனூர் பகுதிகளின் நெல், கரும்பு, தேங்காய் பெரும்பாலும் லாரியில்தான் வெளியூர் போகின்றன. நாலைந்து பேர் கூட்டாகப் பழைய வண்டி வாங்கி ஓட்டும் சிறு விவசாயிகளும் உண்டு. வாங்கும்போது எஞ்சினையும் டயரையும் பார்ப்பார்கள்; ஸ்டியரிங்கைப் பார்ப்பவர் குறைவு. வீராம்பட்டினத்து ஆடித் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, முட்டுக்கட்டை போட்டே திருப்புகிறார்கள். நடை வேகத்தில் போகும் தேருக்கு அது போதும். ஐந்தாறு டன் சுமையோடு கடலூர் சாலையில் ஓடும் லாரியில் ஒரு சிறு மூட்டு கழன்றாலும் சக்கரம் தன் போக்கில் போய்விடும்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் கண்டவுடன் ‘பாக்ஸ் போய்விட்டது’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஸ்டியரிங் பாக்ஸ் விலை கூடிய பாகம். ஆனால் முதலில் தேய்வது பெரும்பாலும் அது அல்ல. பாக்ஸிலிருந்து ‘டிராப் ஆர்ம்’, அதிலிருந்து ‘டிராக் லிங்க்’ என்னும் கம்பி வழியாக ஒரு சக்கரம் திரும்புகிறது. அந்தச் சக்கரத்தோடு அடுத்த சக்கரத்தை இணைப்பது ‘டை ராடு’. இந்தக் கம்பிகளின் முனைகளில் உள்ள பால் ஜாயிண்டுகளே சீக்கிரம் தேய்பவை.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். சமதரையில் சக்கரங்களை நேராக வைத்து நிறுத்த வேண்டும். பவர் ஸ்டியரிங் வண்டியானால் எஞ்சின் ஓட வேண்டும். கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது அவசியம். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, மற்றவர் பக்கவாட்டில் இருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசையும் மூட்டே தேய்ந்த மூட்டு. அமெரிக்க லாரி விதிகளில், 18 அங்குல ஸ்டியரிங்கின் விளிம்பில் சாதாரண வண்டிக்கு 2¼ அங்குலம், பவர் ஸ்டியரிங்குக்கு 4¾ அங்குலம் வரைதான் ஆட்டம் அனுமதி. அவ்வளவு தூரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். கிங் பின்னை மட்டும் மாற்றி, பழைய புஷ்ஷை விட்டுவைப்பது காசுக்குக் கேடு. இரண்டையும் செட்டாகவே மாற்ற வேண்டும்.

பால் ஜாயிண்டு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போவது நல்லது. வண்டியின் மாடல், ஆண்டு, பாக எண் மூன்றும் பொருந்த வேண்டும். டை ராடின் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. கூம்பு அளவு சிறிது மாறினாலும் ஆர்மில் சரியாக உட்காராது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பின்னர் கழலும். தேய்ந்த ஜாயிண்டுக்கு வெல்டிங் வைப்பதும், வளைந்த ஆர்மைக் காய்ச்சி நிமிர்த்துவதும் கூடவே கூடாது.

கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அதே அளவு ஏற்ற வேண்டும். நட்டின் வெட்டும் துளையும் நேர்ப்படாவிட்டால் இன்னும் சிறிது முறுக்கலாம், தளர்த்தக் கூடாது. காட்டர் பின் எப்போதும் புதியதாக இருக்கட்டும். சில ரூபாய்ப் பொருள்தான், ஆனால் நட்டைக் காப்பது அதுவே. பிறகு அலைன்மெண்ட் பார்க்காமல் வண்டியைச் சுமைக்கு அனுப்பினால் முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மிச்சம் பிடித்த பணத்தைத் தின்றுவிடும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் மணலும் ஜாயிண்டுக்குப் பகை. ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, மணலும் ஈரமும் புகுந்துவிடும். கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில் மழைக்காலத்தில் அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். நிப்பிள் இல்லாத ஜாயிண்டில் உறை கிழிந்தால் ஜாயிண்டையே மாற்றுவது நல்லது.

எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் லாரிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே இந்தச் சோதனையைச் செய்தால், அவசரத்தில் கிடைத்த போலிப் பாகத்தை வாங்கும் நிலை வராது. வேலை முடிந்ததும் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி, கையில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடாத பாகத்துக்கும் பணம் வாங்கியிருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்.