இலக்கு காட்டும் மென்பொருளை நம் கடைக்குப் பொருத்துவது எப்படி?

இப்போது நாலைந்து பேர் வேலை செய்யும் சின்னக் கம்பனிகளும் இலக்குப் பார்க்கும் மென்பொருள் வாங்கத் தொடங்கிவிட்டன. மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று ஒரு தொகையை எழுதிவிட்டால் போதும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அது பச்சை, சிவப்பு நிறங்களில் காட்டும். விற்க வருபவர் காட்டும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் வந்தபடியே போட்டு ஓட்டினால் நம் கடையின் உண்மை நிலை அதில் தெரியாது.

ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். வடமராட்சியில் தொண்டைமானாறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நீரேரி, கரையில் செல்வச் சந்நிதி கோயில். அங்கே வலையும் கயிறும் விற்கும் ஒரு கடை வருடத்துக்கு 12 இலட்சம் இலக்கு வைத்தால், மென்பொருள் அதை மாதம் 1 இலட்சமாகச் சமமாக வெட்டிவிடும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு இறங்குவதே குறைவு. வலை யார் வாங்குவார்? அந்த மாதங்கள் எல்லாம் சிவப்பு. அதே ஊரில் அரிசி, மரக்கறி, உடுதுணி விற்பவருக்கோ ஆவணியில் சந்நிதித் திருவிழா வந்தால் பச்சையோ பச்சை. முதலாளி சிவப்பைப் பார்த்து விற்பனைப் பையனைத் திட்டுகிறார். காற்று அடித்ததற்கு அவன் என்ன செய்வான்? ஆகவே முதல் வேலை, மாத இலக்கை நம் பழைய விற்பனைக் கொப்பியைப் பார்த்து நாமே எழுதுவது. ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் மாதத்துக்கு மாதம் வேறு தொகை கொடுக்க இடம் இருக்கும். கேட்டால்தான் காட்டுவார்கள்.

நமக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மென்பொருள் இந்த மார்ச்சைப் போன மார்ச்சோடு ஒப்பிடும். நோன்புப் பெருநாளோ வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். 2024இல் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்த பெருநாள், 2025இல் மார்ச் கடைசியில் வந்துவிட்டது. ஜவுளிக் கடைக்காரருக்கு 2025 மார்ச் பிரமாதமாகவும் ஏப்ரல் படுதோல்வியாகவும் தெரியும். இரண்டும் பொய். சந்நிதித் திருவிழாவும் சந்திரனைப் பார்த்துத்தான் வருகிறது. ஆனால் தமிழ் நாட்காட்டி அதை ஆவணியை ஒட்டியே வைத்திருக்கும். ஹிஜ்ரியில் அப்படித் திருத்தம் இல்லை. எனவே விற்பனைப் பதிவில் ‘பருவம்’ என்று ஒரு புதிய கட்டம் சேர்த்து, ரமழான் முதல் பத்து, நடுப் பத்து, கடைசிப் பத்து என்று குறித்து வாருங்கள். ரமழானை ரமழானோடு ஒப்பிடலாம். எக்செல்லில் ஹிஜ்ரித் திகதி காட்டும் வசதி உண்டு. ஆனால் அது கணக்குப் போட்டுச் சொல்வது. கொழும்பு பெரிய பள்ளிவாசல் பிறை அறிவித்த நாளுக்கு ஒரு நாள் முன்பின் ஆகலாம். கையால் சரிபார்க்க வேண்டும்.

ஸகாத் கணக்கு முடிக்கும் நாளையும் அதிலே ஹிஜ்ரியில் பதியுங்கள். ஹிஜ்ரி வருடத்துக்கு 354 நாள்தான். ஒவ்வொரு டிசம்பர் 31இலும் கணக்கு முடிப்பவருக்குச் சுமார் 33 வருடத்தில் ஒரு முழு வருட ஸகாத் விடுபட்டுப் போகும். இது விற்பனை இலக்கு அல்ல, அமானிதம்.

அடுத்தது, எதை அளப்பது என்பது. 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு கணக்குப் போடுவோம். 1,000 ரூபாப்படி 1,000 சாரம் விற்றவர், அடுத்த வருடம் 1,700 ரூபாப்படி 700 சாரம் விற்கிறார். 10 இலட்சம் 11 இலட்சத்து 90 ஆயிரம் ஆகிவிட்டது. மென்பொருள் 19 வீத வளர்ச்சி என்று பச்சை விளக்குப் போடும். உண்மையில் 300 சாரம் குறைவு. பழைய அளவுக்குச் சரக்குப் போட அந்தக் காசு போதாது. ரூபாவுக்குப் பக்கத்தில் எண்ணிக்கைக்கும் ஓர் இலக்கு கட்டாயம் வேண்டும். 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 வீதமானதும் இதே மாதிரிதான். வரியோடு சேர்த்து எழுதியவர்களுக்கு விற்பனை தானாகக் கூடியது போல் தெரிந்தது.

கடன் விஷயம் இதைவிட ஆபத்து. பில் போட்ட அன்றே இலக்கு நிறைந்ததாகக் காட்டினால், மாதக் கடைசியில் ரெப் கண்ட கண்ட கடைக்கெல்லாம் கடனுக்குச் சரக்கை இறக்குவார். அவருக்குக் கொமிஷன், நமக்குத் திரும்பி வரும் செக். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பல கணக்குகள் திறக்க வேண்டும் என்று இலக்கு வைத்து ஊழியர்களை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் 185 மில்லியன் டொலர் தண்டம். 5,300 பேர் வரை வேலை இழந்தார்கள். அவ்வளவு பெரிய வங்கிக்கே அந்தக் கதி. பல கணக்கு மென்பொருட்களில் அறிக்கையை பில் திகதிப்படியும் பார்க்கலாம், காசு வந்த திகதிப்படியும் பார்க்கலாம். ரெப்பின் இலக்கை இரண்டாவதில் வையுங்கள். பிந்திய திகதியிட்ட செக் வங்கியில் மாறிய பிறகே காசு என்று கணக்கில் வரட்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு தேவையா என்று கேட்பீர்கள். இந்தியாவின் டேலி மென்பொருள் பிறந்த கதையே இதற்குப் பதில். ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிப்பாகமும் கொடுத்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்திடம் எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய வேலை அது. நமக்கு எழுதத் தெரிய வேண்டியதில்லை. நம் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும். முதல் ஆறு மாதம் எக்செல்லிலேயே ஓட்டிப் பாருங்கள். எந்தக் கட்டத்தைத் தினமும் பார்க்கிறோம், எதை யாரும் தொடுவதில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். தொடாததை எடுத்துவிடுங்கள். பிறகு வாங்கினால் வீண் செலவு இல்லை.

அளவுக்கு மீறி மாற்றவும் வேண்டாம். தனியாக நிரல் எழுதிச் சேர்த்தது அடுத்த பதிப்பு வரும்போது வேலை செய்யாமல் போகலாம். வாங்குமுன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் தரவு முழுவதையும் எக்செல்லாக வெளியே எடுக்க முடியுமா? ரெப் தன் இலக்கைத் தானே திருத்த முடியாதபடி பூட்ட முடியுமா? செய்த மாற்றங்களை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கிக் கல்லாவில் வையுங்கள். மென்பொருள் போட்டுத் தந்த பையன் கட்டாருக்குப் போன பிறகு அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.