மழைக்கு ஒதுங்கியவர் பேராசிரியர் ஆனார்!

புதுச்சேரியில் பஸ் ஏறி, வடக்கே கடலோரச் சாலையில் போனால் காலாப்பட்டு வரும். இதில் ஒரு வேடிக்கை! காலாப்பட்டும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். ஆனால் நடுவில் உள்ள கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. புதுச்சேரியில் இருந்து புதுச்சேரிக்குப் போக இன்னொரு மாநிலத்தைத் தாண்ட வேண்டும்!

இந்தக் காலாப்பட்டில்தான் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-ம் ஆண்டு ஏற்பட்டது. பெரிய பட்டம் வாங்கியவர்கள் பாடம் சொல்லும் இடம். அந்தப் பல்கலைக்கழகம் 1989-ம் ஆண்டில் ஒருவரைப் பேராசிரியராக அழைத்தது. அவருடைய படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுபோனது!

அவர்தான் எழுத்தாளர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்து விவசாயி. மற்றவர்கள் ஓய்வு பெற்றுச் சாய்வு நாற்காலியில் சாயும் வயதில் அவர் வேலைக்கு வந்தார்.

படிப்பைப் பற்றிப் பேச அவர் கூசியதே இல்லை. தாம் மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர் என்பார். ஒதுங்கிய இடத்திலும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லையாம். மழையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாராம்!

சரி, பல்கலைக்கழகத்தில் அவருக்கு என்ன வேலை? கிராமத்துப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைத் திரட்டும் வேலை. புதுவை வட்டாரக் கதைகளும் அப்படித்தான் ஏட்டில் ஏறின.

கிழவி பேச்சில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அடுப்பங்கரைக்குப் போய்ப் பாருங்கள். சோறு குழைந்துவிட்டது. மருமகள் அரிசியின் மேல் பழி போடுகிறாள். மாமியார் விடுவாளா?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!"

மருமகள் மட்டும் சும்மா இருப்பாளா? பாத்திரம் தேய்த்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்:

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!"

யார் பெயரும் இல்லை. "என்றாளாம்" என்பதில் கடைசியில் ஓர் "ஆம்" இருக்கிறதே, அது பொல்லாத "ஆம்"! யாரோ, எங்கோ சொன்னதாம். சண்டைக்கு வந்தால், "உன்னையா சொன்னேன்?" என்று கேட்டுவிடலாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத பெண்களுக்கு இந்தப் பேச்சுதான் வாயாக இருந்தது. சிரிப்பும் வரும், சுருக்கென்று தைக்கவும் செய்யும்.

இப்படிப்பட்ட பேச்சைப் பாட்டியோடு சேர்த்துச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டால் திரும்பி வராது. இதை உணர்ந்துதான், பேராசிரியர் ஆவதற்கு முன்பே, கரிசல் மக்களின் பேச்சுக்கு ஓர் அகராதியே தொகுத்தார் கி.ரா. பண்டிதர்கள் செய்ய வேண்டிய வேலை. பண்டிதர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்!

1991-ம் ஆண்டில் அவருக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. பிறகு புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார். 2021-ம் ஆண்டு மே 17-ந் தேதி அங்கேயே காலமானார். இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அப்போது தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கி.ரா. படித்த இடைசெவல் பள்ளிக்கூடம் பழமை மாறாமல் புதுப்பிக்கப்படும் என்றது. ஆம், அவர் மழைக்கு ஒதுங்கிய அதே பள்ளிக்கூடம்தான்!