வாய்க்காலைத் தாண்டுமா வண்டி? புதுச்சேரியை எலக்ட்ரிக் பைக்கில் சுற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்லாவியில் எந்த டீக்கடையில் நின்றாலும் எலக்ட்ரிக் வண்டிப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. பக்கத்தில் போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை. ஓசூர் போனால் டிவிஎஸ், ஏத்தர். நாட்டில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துதான் லாரி ஏறிப் போகிறது. வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக என்று இந்த வண்டிகள் பழகிவிட்டன. ஆனால், ஒரு பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கவும், அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தேடிப் போகவும் இதே மின்சார வண்டிகள் பயன்படுகின்றன என்பது தெரியுமா?

வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார். ஏழெட்டுப் பேர் பின்னால் போவார்கள். ஒரு தெருவில் நிறுத்தி வீட்டின் கதை சொல்வார், அடுத்த தெருவில் நிறுத்தி ஏதாவது வாங்கித் தருவார். ஐரோப்பாவின் பழைய நகரங்களில் இது இப்போது வழக்கமான சுற்றுலா. நம் நாட்டில் கோவாவில் 'பி-லைவ்' என்ற நிறுவனம் மின்சார பைக் சுற்றுலாவை நடத்திப் பிரபலமாக்கியது. கல்லாவிக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இதற்குப் பொருத்தமான ஊர் எது என்று கேட்டால், ஒரே பதில் புதுச்சேரி. கிருஷ்ணகிரியில் கிளம்பி ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போகும் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும்.

சரி, இந்தச் சுற்றுலாவில் என்ன பார்க்கலாம்? லைசென்ஸ் வேண்டுமா? பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் புதுச்சேரி?

முதல் காரணம், ஊரின் அளவு. பழைய புதுச்சேரி முட்டை வடிவத்தில் இருக்கும். கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. இந்த நான்குக்குள் அடங்கிய ஊரை பைக்கில் கடக்கச் சில நிமிடம் போதும். நடந்தால் வெயிலில் அலுத்துப் போகும், ஆட்டோவில் போனால் ஒன்றும் கண்ணில் நிற்காது. மெதுவாகப் போகும் மின்சார சைக்கிளுக்கு அளந்து வைத்த மாதிரி ஊர்.

இரண்டாவது, தெருக்கள். மேடு பள்ளம் இல்லாத தரை, கட்டம் போட்ட மாதிரி நேர்நேரான வீதிகள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட திட்டம் இது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் பழைய கட்டத்தின் மேலேயே மறுபடி கட்டினார்கள். இன்று நாம் வண்டி ஓட்டும் வீதிகளின் அடிப்படை 300 வருஷத்துக்கும் முந்தையது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். வாய்க்கால்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. ஒரு கரையில் செஞ்சி சாலை, மறுகரையில் அம்பூர் சாலை. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரம் இருந்தது வெள்ளையர் குடியிருப்பு. மேற்கே தமிழர் குடியிருப்பு. தோலின் நிறத்தை வைத்து ஊரைப் பிரித்த கோடு அது.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் முடிந்தது. 1962இல் சட்டப்படியும் முடிந்தது. ஆனால், சுற்றுலாவில் மட்டும் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. இன்ஸ்டாகிராமில் புதுச்சேரி என்று தேடினால் என்ன வருகிறது? மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, வெள்ளை ஜன்னல். எல்லாம் கிழக்குக் கரை. மேற்குக் கரையில் இருப்பது பலர் கண்ணில் படுவதே இல்லை.

எனக்கும் அதுதான் நடந்தது. காலேஜ் படிக்கும்போது நண்பர்களோடு போய், பணம் கட்டி ஒரு சைக்கிள் சுற்றில் சேர்ந்தேன். இரண்டு மணி நேரமும் கடற்கரைப் பக்கத்து வீதிகளிலேயே சுற்றினோம். வாய்க்காலைத் தாண்டவே இல்லை. பாரதியார் பத்து வருஷம் இருந்த ஊருக்குத் தமிழ் படிக்கிற பையன் போய், அவர் வீட்டைப் பார்க்காமலே திரும்பினேன். அந்த வீடு சில தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பி 1908இல் வந்த பாரதியார், 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. டூப்ளே காலத்துத் துபாஷியான அவர், 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இல்லாமல் அந்தக் காலத் தென்னிந்திய வரலாற்றை எழுத முடியாது.

அடுத்து வைசியாள் வீதி. பலகையில் கால்வே சுப்பராய செட்டி வீதி என்று இருக்கும். தமிழ் வீட்டின் இலக்கணத்தை இங்கே நேரில் பார்க்கலாம். தெருப் பக்கம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, உள்ளே முற்றம். தாழ்வாரமும் திண்ணையும் வழிப்போக்கருக்கு. வெயிலோ மழையோ யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். கிழக்குக் கரை வீடுகளோ உயர்ந்த மதில் வைத்துத் தெருவுக்கு முகம் காட்டாமல் நிற்கும். சில வீடுகளில் கீழே தமிழ்த் திண்ணை, மாடியில் பிரெஞ்சு ஜன்னல் என்று இரண்டும் கலந்திருக்கும். இந்த வீதியைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

தெற்கே போனால் காசி வீதி, முல்லா வீதி என்று இஸ்லாமியர் குடியிருப்பு. பெயரைப் பார்த்து வடநாட்டுக் காசி என்று நினைக்க வேண்டாம். நீதி சொல்லும் காஜியின் பெயர்தான் அது.

சாப்பாடு?

வீதிகள் எப்படிக் கலந்தனவோ, அப்படித்தான் சாப்பாடும். சில உதாரணங்கள்:

* பிரெஞ்சு ரொட்டி: மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. நீள நீளமான 'பாகெத்'தைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவது இங்கே பல வீடுகளில் சாதாரணம்.

* வடகம்: சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாம் சேர்த்து வெயிலில் காயவைக்கும் நம்ம வீட்டுத் தாளிப்பு வடகம்தான். இது பிரான்ஸுக்குப் போய் 'வடுவான்' என்ற பெயரில் பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் கொண்டாடும் மசாலாவாகிவிட்டது.

* வியட்நாம் சுருள்: பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்காரர்கள் பலர் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். திரும்பி வந்த குடும்பங்கள் அந்த ஊர்ச் சமையலையும் கொண்டு வந்தன. அரிசித் தாளில் கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் பலகாரம் அதில் ஒன்று.

* விவிக்கம்: ரவை, முந்திரி, ரம்மில் ஊறிய பழங்கள் சேர்த்து, கிறிஸ்துமஸ் நேரத்தில் செய்யும் புதுச்சேரி கேக்.

* காபி: நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ். 'லைஃப் ஆஃப் பை' நாவலின் தொடக்கத்திலேயே வரும் இடம்.

இதற்கெல்லாம் நடுவில் பெரிய மார்க்கெட். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில் இருக்கும் குபேர் அங்காடி. காலையில் போனால் மீன், பூ, காய் என்று ஊரே அங்கே இருக்கும். இதை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு வியாபாரிகள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்துதான் போக வேண்டும்.

லைசென்ஸ் வேண்டுமா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மின்சார இருசக்கர வாகனம் என்றாலே லைசென்ஸ் வேண்டாம் என்பது தப்பு.

மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டுமே சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதாது. அதற்குத்தான் பதிவு எண்ணும் லைசென்ஸும் தேவையில்லை. பெடல் உள்ள மின்சார சைக்கிள்கள் பெரும்பாலும் இந்த வகை. நீங்கள் மிதிக்க மிதிக்க மோட்டார் கூட உதவும். எதிர்க்காற்றில் யாரோ பின்னால் இருந்து தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும்.

அதற்கு மேல் வேகம் போகும் ஸ்கூட்டர் என்றால் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய், ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சையில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த உபயோகத்துக்கான மின்சார வாகனம். பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை போன்ற வணிக உபயோகம். வெள்ளை எழுத்து வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கல்.

சார்ஜ் தாங்குமா?

தாராளமாக. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 360 வாட்-மணி மின்சாரம். அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவானாலும் 36 கிலோமீட்டர் ஓடும். ஊருக்குள் இரண்டு மூன்று மணி நேரச் சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆனாலே அதிகம். பாதியில் நின்றாலும் பெடல் இருக்கவே இருக்கு.

எப்போது போகலாம்?

அதிகாலை. ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்குத் தடை உண்டு. அதனால் கடற்கரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வழி வாய்க்காலைத் தாண்டுமா? எந்தெந்த வீதி?
2. வழிகாட்டி உள்ளூர்க்காரரா? தமிழில் சொல்வாரா?
3. சாப்பாடு எங்கே? அந்தப் பகுதி ஆட்கள் நடத்தும் கடையா?
4. வண்டி எந்த வகை? ஹெல்மெட் தருவார்களா? விபத்துக்குக் காப்பீடு உண்டா?
5. வீடுகளுக்குள் நுழையவும் படம் எடுக்கவும் அனுமதி வாங்கியிருக்கிறார்களா?

முதல் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம்?

பழைய வீட்டைக் காப்பாற்றச் செலவு அதிகம். நாட்டு ஓடு மாற்ற வேண்டும், தேக்கு உத்தரம் பார்க்க வேண்டும், அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் தச்சரும் கிடைக்க வேண்டும். பங்காளிகள் பிரிந்துவிட்டால், இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுவதுதான் சுலபம். தமிழர் குடியிருப்பில் அப்படிப் போன வீடுகள் நிறைய. கடற்கரையில் இருந்த அரசுக் கட்டடமே தப்பவில்லை. மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. ஆனால், அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். வைசியாள் வீதியில் ஒரு திண்ணை விழுந்தால் அப்படி யார் கட்டித் தருவார்கள்?

சுற்றுலாப் பயணி செலவழிக்கும் நூறு ரூபாய் எந்தத் தெருவில் விழுகிறதோ, அந்தத் தெருவுக்குத்தான் பழைய வீட்டை வைத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். டீக்கடை, பலகாரக் கடை, வீட்டிலேயே சமைத்துப் போடும் அம்மா என்று அந்தப் பணம் பரவும். எனவே சுற்றின் வழியை முடிவு செய்பவர்தான் அந்தக் காசு எந்தக் கரைக்குப் போகும் என்பதையும் முடிவு செய்கிறார்.

நம்ம மாவட்டத்தில் முடியுமா?

கதைக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, அதன் அடிவாரத்துப் பழையபேட்டை, 1791இல் ஆங்கிலேயர் திப்புவின் படையிடமிருந்து பிடித்த ராயக்கோட்டை, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலை எல்லாம் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு ராகிக் களி, கீரைக் கடைசல், சீசனில் மாம்பழம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் கேட்கும்.

பிரச்சினை சாலைதான். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையும் சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்கின்றன. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 25 கிலோமீட்டர் வேக சைக்கிளை விட முடியாது. ஆனால், பழையபேட்டை போல ஒரே பகுதிக்குள் சுற்றும் சின்ன வழி சாத்தியம். வண்டி செய்ய ஆள் இருக்கிறார்கள், கதை தெரிந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்க்கத்தான் யாராவது வேண்டும்.

அதுவரை புதுச்சேரிக்குப் போகிறவர்கள், புக் பண்ண போன் எடுக்கும்போது முதலில் இதைக் கேளுங்கள்: "அண்ணா, வண்டி அம்பூர் சாலையைத் தாண்டுமா?" இல்லை என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.