சும்மா இருக்கும் சிப்

லேப்டாப்பில் அதிகம் ஓய்வெடுக்கும் உறுப்பு பிராசசர்தான். வண்டி மெதுவாகிவிட்டது என்றதும் நாம் முதலில் பழிபோடுவதும் அதன்மேல்தான். ஐ5 சிப்பைக் கழற்றிவிட்டு ஐ7 போட்டால் பறக்குமாமே என்ற ஆசை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளிகூட 10 சென்டிமீட்டர்தான் போகும். லேப்டாப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ச் சேராது. இந்த வேகம் நம் புலனுக்குப் பிடிபடாது. ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிப் பார்ப்போம். தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தின் முதல் அடுக்கிலிருந்து ஒரு எண்ணை எடுக்க பிராசசருக்கு நாலைந்து நொடி ஆகும். அதையே ரேமிடம் கேட்டால் சுமார் நான்கு நிமிடம். எஸ்எஸ்டியிடம் கேட்டால் மூன்றரை நாள். பழைய ஹார்டு டிஸ்க்கிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரு வருடம்! நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே 11 மில்லிநொடி ஆகிறது. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் அதன் கீழே சுழன்று வரும்வரை அந்த வேலை அப்படியே நிற்கும்.

ரேம் போதாத லேப்டாப்பில் இது இன்னும் மோசம். இடம் இல்லாததால் இயங்குதளம் சிலவற்றை டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கிறது. நான்கு நிமிடத்தில் கைக்கு வரவேண்டியதற்காக பிராசசர் ஒரு வருடம் காத்துக் கிடக்கிறது. அங்கே எந்த ஐ7-ஐக் கொண்டுவந்து வைத்தாலும் அதுவும் அதே ஒரு வருடம்தான் காத்திருக்கும்.

சரி, ரேமும் எஸ்எஸ்டியும் போட்டாயிற்று. இனி சிப்பை மாற்றலாமா? பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்விக்கே இடமில்லை. சாக்கெட்டில் பின்களோடு உட்காரும் லேப்டாப் பிராசசர்களை இன்டெல் 2013-இல் வந்த நான்காம் தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே மதர்போர்டோடு சால்டர் செய்து வருபவை. மேசைக் கணினியின் சிப்பை வைத்து வந்த சில தடித்த கேமிங் லேப்டாப்கள் மட்டும் விலக்கு. பழைய தலைமுறைகளிலும் சிப்பின் பெயர் 'யு' என்று முடிந்தால் ஆசையை விட்டுவிடலாம். மெலிதான லேப்டாப் கேட்டோம், கொடுத்தார்கள். மாற்றும் வசதியை அதற்கு விலையாக எடுத்துக்கொண்டார்கள்.

மாற்ற முடிகிற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 2012-இல் வந்த திங்க்பேட் டி430. அதில் பரவலாக இருந்த சிப் ஐ5-3320எம். இரண்டு கோர் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), அடிப்படை வேகம் 2.6, உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அதே சாக்கெட்டில் ஐ7-3632க்யூஎம் உட்காரும். நான்கு கோர், அடிப்படை 2.2, உச்சம் 3.2. எண்களை இன்னொரு முறை பாருங்கள். பெரிய சிப்பின் வேகம் குறைவு!

காரணம் வெப்பம். இரண்டுமே 35 வாட் சிப்கள்தான். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. வேகத்தைக் கொஞ்சம் தணித்தால் அழுத்தத்தையும் தணிக்கலாம். மின்செலவு மளமளவென்று இறங்கும். அந்த மிச்சத்தில்தான் கூடுதலாக இரண்டு கோர்களை ஓட்டுகிறார்கள். டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க அதே வெப்பத்தில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்று ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் அந்தச் சலுகை ஓடியது. 2004-இல் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அதன்பின் வேகத்துக்குப் பதில் கோர்களின் எண்ணிக்கைதான் பெருகியது.

கோர் இரட்டித்தால் வேலை பாதி நேரத்தில் முடியுமா? கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். இரண்டு கோரில் 10 நிமிடம் பிடிக்கும் ஒரு வேலை. அதில் 5 நிமிடப் பகுதியை மட்டும் பங்குபோட முடியும் என்று வையுங்கள். நான்கு கோரில் அந்தப் பகுதி இரண்டரை நிமிடமாகும், மொத்தம் ஏழரை. ஆயிரம் கோர் வைத்தாலும் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, பெரிய மென்பொருளை கம்பைல் செய்வது போன்றவை நன்றாகப் பங்குபிரியும். அங்கே ஐ7 தன் காசுக்கு உழைக்கும். கடிதம் தட்டுவதும் இணையத்தில் மேய்வதும் பெரிதாகப் பங்குபிரியாதவை.

45 வாட் சிப்பை வாங்கிச் சொருகுபவர்களும் உண்டு. 35 வாட்டுக்குச் செய்த ஹீட்சிங்க் அந்தச் சூட்டைத் தாங்காது. 100 டிகிரியை நெருங்கியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூடுதல் காசு கொடுத்து வாங்கியது ஃபேன் சத்தம் மட்டுமே. லேப்டாப்பின் பயாஸ் அந்தச் சிப்பை ஏற்குமா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்காகத்தான் மாற்றுகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இன்டெல் வரிசை, ஓரிரு விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அந்தத் தடித்த கேமிங் லேப்டாப்களை விட்டால், சாக்கெட் லேப்டாப் எதுவும் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

எனவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலும் சிப் 20-லும் இருந்தால் சிப்பின்மேல் குற்றமில்லை. சிப்தான் நிமிடக்கணக்கில் 100-இல் நிற்கிறது என்றாலும் உடனே ஐ7 தேட வேண்டாம். பத்து வருடப் பழைய லேப்டாப்பில், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கட்டிதட்டியிருக்கும், ஃபேனில் தூசி அடைத்திருக்கும். சிப் மாற்றும்போது இவை இரண்டும் எப்படியும் சரியாகிவிடுகின்றன; அதில் கிடைத்த வேகத்தையும் புதுச் சிப்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம். முதலில் தூசி தட்டி, பேஸ்ட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள்.